வியாழக்கிழமைக் குளிர்

லண்டனுக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் கமலநாதனுக்குக் குளிர் பழகவில்லை. ஜூன் மாதத்திலும் சட்டைக்குள்ளே ஒரு பனியன், அதற்குள்ளே இன்னொரு பனியன். வட லண்டனில், எட்மண்டன் பகுதியில் இருந்த அவருடைய பிளாட்டில் ஹீட்டர் ஓடாத மாதம் ஆகஸ்டு ஒன்றுதான். அதிலும் இரண்டு நாள் மழை பெய்தால் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர், 2006ஆம் ஆண்டுக் கோடை முழுவதும், வியாழக்கிழமை தோறும், தன் அறையின் குளிரைத் தன் கையாலேயே கூட்டி வைத்துவிட்டுப் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். காதல் வந்தால் சிலர் கவிதை எழுதுவார்கள். இவர் ஏசியைத் திருகினார்.

கமலநாதன் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவர். மழைக்குப் பேர்போன ஊர். அந்த மழை வேறு, அதில் நனைந்தால் சுகம், இங்கே பெய்வது தண்டனை என்பார். இருபது வயதில் எலெக்ட்ரிக்கல் படிக்க வந்தார், படித்து முடித்தார், திரும்பிப் போவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார். தள்ளித் தள்ளி நாற்பத்தேழு வயதாகிவிட்டது. கல்யாணமும் அதே கதைதான். அக்கா நாகேஸ்வரி போனில் ஒவ்வொரு பெண்ணாகச் சொல்வாள். "பாக்கலாம்க்கா, தீபாவளி போகட்டும்" என்பார் இவர். தீபாவளிகள் போயின. அந்தப் பெண்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் போய்விட்டார்கள். நாகேஸ்வரியும் கேட்பதை விட்டுவிட்டாள். கெட்ட மனிதர் இல்லை, கஞ்சரும் இல்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கமாட்டார், அவ்வளவுதான்.

லண்டன் நடுவில் ஒரு கல்லூரி. அதன் பேஸ்மென்ட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே இருந்த பெரிய மைக்ரோஸ்கோப்புக்கு இவர்தான் பொறுப்பு. அதைத் துடைப்பது, திருகுவது, கெட்டால் சரிசெய்வது, யார் எப்போது வரலாம் என்று நேரம் ஒதுக்குவது எல்லாம் இவர் வேலை. அந்த மைக்ரோஸ்கோப்பில் ஒரு லேசர் பூட்டியிருந்தது. லேசரை இயக்கும்போது அறையில் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்று கல்லூரி விதி. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் கமலநாதன். மூலையில் ஒரு நாற்காலி போட்டு, கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை மதியம் சிவமலருடைய முறை.

சிவமலருக்கு நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து அகதியாக வந்தவள். கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் அண்ணன் அம்பலவாணன் குடும்பத்தோடு இருந்தாள். பகலில் பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்று, மாலையில் படித்து, தம்பிமாரை ஒவ்வொருவராக லண்டனுக்குக் கூப்பிட்டு, அவர்களைக் கரைசேர்த்த பிறகுதான் தன் ஆராய்ச்சிப் படிப்பை முடித்தாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்த காலத்தில் அவளுக்கு ஷிப்ட். ஷிப்ட் முடிந்த காலத்தில் கேட்டு வர ஆள் இல்லை. இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். நேரில் "நீங்க" என்று மரியாதையாகப் பேசும் கமலநாதன் மனதுக்குள் மட்டும் "அவள்" என்றுதான் நினைத்தார். அதனால் நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

அவள் பார்த்தது பழ ஈயின் கருவை. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான். அதன் முட்டை எள்ளைவிடச் சின்னது. அதற்குள்ளே ஈ உருவாகும்போது, ஒரு கட்டத்தில் அதன் முதுகு திறந்து கிடக்கும். நடுவில் மெல்லிய சவ்வு மாதிரி ஒரு திட்டுச் செல்கள் மட்டும். இரண்டு விலாப்புறத்திலிருந்தும் தோல் மெல்ல மெல்ல மேலேறி வந்து, நடு முதுகில் ஒன்றையொன்று சந்தித்து மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அந்த ஈ பிறக்காது.

"ஆர் இழுக்கிறது எண்டதுதான் கேள்வி" என்றாள் முதல் வியாழக்கிழமை, திரையைக் காட்டி. இருட்டறையில் செல்களின் ஓரங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. "இஞ்ச பாருங்கோ அண்ணை, இந்த விளிம்பைச் சுத்தி ஒரு கயிறு மாதிரி ஓடுது. சுருக்குப்பை வாயை இறுக்கிற மாதிரி அது இறுக்குது. நடுவில இருக்கிற செல்லுகளும் சும்மா இருக்கேல்லை. சுருங்கிச் சுருங்கி ரெண்டு பக்கத்தையும் தங்களிட்ட இழுக்குதுகள். கடைசியில ரெண்டு கரையும் விரல் நீட்டி ஒண்டையொண்டு தடவிப் பிடிக்கும்."

"எவ்வளவு பலமா இழுக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கமலநாதன். மைக்ரோஸ்கோப்பைக் கட்டிக் காத்தாரே தவிர, அதில் என்ன தெரிகிறது என்று அதுவரை யாரிடமும் கேட்டவர் இல்லை.

"பாத்தால் தெரியாது. எல்லாம் அசையாமல் நிக்கிற மாதிரித்தான் இருக்கும். லேசரால ஒரு இடத்தை அறுத்தால் டக்கெண்டு ரெண்டு பக்கமும் விலகி ஓடும். எவ்வளவு வேகமா ஓடுதோ, அவ்வளவு இழுவை இருந்திருக்கு எண்டு அர்த்தம். அறுத்தாப் பிறகுதான் தெரியும்."

அறுத்துக் காட்டினாள். பச்சைக் கோடு சட்டென்று பிளந்து இரு பக்கமும் ஓடியது. கமலநாதன் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டார். "ஐயோ, செத்துப் போச்சா?" என்றார்.

"இல்லை இல்லை. பாருங்கோ, திரும்ப மூடும். ஒரு இழுவையை அறுத்தால் மற்றது விடாது."

இரண்டாம் வியாழக்கிழமை நடந்தது தற்செயல்தான். வெளியே வெயில் கொளுத்தியது. மற்ற மெஷின்கள் சூடாகின்றன என்று முதல் நாள் யாரோ முறையிட்டதால் கமலநாதன் பேஸ்மென்ட் ஏசியைப் பதினெட்டில் வைத்து, மாற்ற மறந்துபோனார். ஈயின் கரு சூட்டுக்கு ஏற்ப வளர்வது. இருபத்தைந்து டிகிரியில் மளமளவென்று மூடும், பதினெட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சிவமலர் எதிர்பார்த்த நேரம் தாண்டியும் முதுகு பாதிதான் மூடியிருந்தது. அவள் போகவில்லை. போகாததால் பேசினார்கள்.

கமலநாதன் தாழ்வாரத்தில் தேநீர் போட்டார். தைப்பிங் வழக்கப்படி ஒரு குவளையை உயரத் தூக்கி இன்னொரு குவளைக்குள் நுரை பொங்க ஊற்றினார். "உதென்ன, சின்னப்பிள்ளையளுக்கு ஆத்துற மாதிரி?" என்று சிரித்தாள். "எனக்குச் சுடச்சுட வேணும். உங்கட அறை குளிருது." அன்று அவர் எட்மண்டன் போகும் பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டு, இரண்டு நிறுத்தம் நடந்து திரும்பினார். நாற்பத்தேழு வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தேவை என்றே பட்டது.

அடுத்த வியாழக்கிழமை ஏசியைத் திருகியது தற்செயல் இல்லை.

பாவம், வேறு வழி தெரியவில்லை. "கொஞ்ச நேரம் இருங்க, பேசலாம்" என்ற நான்கு சொல்லைச் சொல்லத் துணிவில்லாத மனிதர், ஒரு ஈயின் முதுகை மெதுவாக மூடச் செய்தார். புதன் மாலையே குறைத்து வைத்துவிடுவார். வியாழன் காலை மூன்று பனியனோடு வருவார். அவள் வருவாள், கண்ணாடித் தகட்டில் தூரிகையால் முட்டைகளை ஒவ்வொன்றாக வரிசை வைப்பாள், இருவரும் இருட்டில் உட்கார்ந்து, இரண்டு கரையும் ஒன்றை ஒன்று நெருங்குவதைப் பார்ப்பார்கள். கரை சேரும் நேரம் வந்தால் மற்றவர்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. கமலநாதன் மட்டும் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூடிவிட்டால் அவள் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு ஓடுவாள், செவன் கிங்ஸ் ரயிலைப் பிடிக்க.

அவளும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஜூலையில் லண்டனே வேர்த்து வழிந்தது. ரயிலில் மக்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். அவள் கையில் கம்பளி ஸ்வெட்டர். அறைக்குள் நுழைந்ததும் பேசாமல் போட்டுக்கொள்வாள். குளிருகிறது என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. அவரை "அண்ணை" என்று கூப்பிடுவதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இஞ்ச பாருங்கோ" என்று ஆரம்பிப்பாள். இதையெல்லாம் கவனிக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் கமலநாதனின் கதை அந்த ஜூலையிலேயே முடிந்திருக்கும். அவர் கவனித்தது அவள் கழுத்தோரம் நரைத்திருந்த இரண்டு மயிரையும், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவதையும்தான்.

அவளுடைய வேலை ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். டொராண்டோவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, தங்கை ஜதுர்ஷிகாவும் அங்கேதான் என்று ஆகஸ்டில் சொன்னாள்.

"போகத்தான் போறீங்களா?" என்றார்.

"இஞ்ச இருக்கச் சொல்லி ஆரும் கேக்கேல்லையே" என்றாள்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கல்லூரி கேட்கவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்! "ஆமா, இப்பல்லாம் எங்கயும் பணம் ஒதுக்க மாட்டேங்கிறாங்க லா" என்று தைப்பிங் 'லா'வோடு கல்லூரியைத் திட்டினார். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி வியாழக்கிழமை நெருங்க நெருங்க அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. இழுவையை அளக்கிறவள், சூடு மாறினால் அளவெல்லாம் மாறும், தன்னுடைய ஆசைக்காக ஒரு கோடைக்கால உழைப்பையே கெடுத்துவிட்டோமே என்று தூக்கம் கெட்டார். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எதைச் சொல்வது? குளிரைக் கூட்டினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அதுதான் எல்லாம். அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. கடைசி ஒரு நாளாவது அவளுக்கு நேர்மையாக நடக்கட்டும் என்று ஏசியை இருபத்தைந்தில் வைத்தார். அவளோடு இருக்கும் நேரத்தில் பாதி போய்விடும் என்று தெரிந்துதான் வைத்தார்.

அவள் உள்ளே வந்து ஸ்வெட்டரை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"இண்டைக்குக் குளிரேல்லை."

"ஆமா. ரிப்பேர் பண்ணியாச்சு."

"ரிப்பேரோ?" அவள் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நுழைத்த கையை உருவி, ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் போட்டாள். "நல்லது" என்றாள்.

அன்று எல்லாம் மளமளவென்று நடந்தது. அவள் அறுத்தாள், விளிம்பு விலகி ஓடியது, காயம் ஆறியது, இரண்டு கரையும் விரல் நீட்டிப் பற்றிக்கொண்டு முதுகு மூடியது. கமலநாதனுக்குத் தேநீர் போடக்கூட நேரம் இல்லை. கருவிகளைத் துடைத்து வைத்தாள். பெயர் ஒட்டும் டேப்பில் தங்கையின் டொராண்டோ நம்பரை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். "அப்ப நான் வாறன்" என்றாள். யாழ்ப்பாணத்தார் போகும்போது வாறன் என்றுதான் சொல்வார்கள். அவரும் "போயிட்டு வாங்க" என்றார். கதவு சாத்திக்கொண்டது. ஸ்வெட்டர் நாற்காலியிலேயே கிடந்தது.

அதைக் கண்டவுடன் ஓடியிருக்கலாம். படியேறினால் தெரு, அவள் இன்னும் பஸ் நிறுத்தத்தைக்கூட அடைந்திருக்கமாட்டாள். கமலநாதன் ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வியாழக்கிழமை மதியம் ஒரு உயரமான ஜெர்மன்காரப் பையனுக்குப் போயிற்று. அவனும் ஈதான் பார்த்தான். இருபத்தைந்து டிகிரியில், ஒழுங்காக. மூலை நாற்காலியில் இருந்து கமலநாதன் பார்த்தார். அவன் லேசரை அழுத்தும்போதெல்லாம் பச்சைக் கோடு பிளந்து ஓடியது. அவருக்கு நெஞ்சுக்குள்ளே எங்கோ வலித்தது. அறுத்தாப் பிறகுதான் தெரியும் என்று அவள் சொன்னது இதைத்தான் போல என்று நினைத்தார். இவ்வளவு காலம் எதுவும் தன்னை இழுக்கவில்லை என்று நினைத்திருந்த மனிதர். இப்போது டொராண்டோவில் என்ன மணி என்று நாளுக்குப் பத்துத் தடவை கணக்குப் போட்டார். அவள் சாப்பிட்டிருப்பாளா, அங்கே யாராவது அவளுக்குச் சுடச்சுடத் தேநீர் கொடுப்பார்களா என்று ஏங்கினார். ஸ்வெட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். துவைக்கவில்லை. தீபாவளிக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தார். போகட்டும் என்று விட்டார். புத்தாண்டுக்கு நினைத்தார்; அதையும் விட்டார்.

தைப்பொங்கலன்று கூப்பிட்டார். பொங்கல் வாழ்த்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டல்லவா? அதுதான் சாக்கு. போனை எடுத்தவளே சிவமலர்தான்.

"சாப்பிட்டாச்சா?" என்றார். முதல் சொல்லிலேயே பொங்கல் வாழ்த்து மறந்துபோயிற்று.

"இஞ்ச இப்பதான் விடியுது" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. வேலை, தங்கை பிள்ளைகள், பனி, எல்லாம் பேசினார்கள். பேச்சு ஓய்ந்தது. அப்போதுதான், எதைச் சொல்வது என்று தெரியாமல், கமலநாதன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"ஒன்னு சொல்லணும். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான்தான் ஏசியைக் குறைச்சு வெச்சேன். உங்க ரிசல்ட்டெல்லாம் கெட்டுப் போயிருக்கும். மன்னிச்சுக்கங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"சூட்டைப் பாக்காமல் ஆரும் ஈ பாப்பினமே? வந்தவுடனே பாக்கிறதே அதைத்தான். ரிசல்ட் ஒண்டும் கெடேல்லை. குளிரில எப்பிடி மூடுது எண்டதும் ஒரு கேள்விதானே, அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பிறகென்னத்துக்கு நான் ஜூலை மாதத்தில கம்பளி காவிக்கொண்டு வந்தனான்?"

கமலநாதன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கு விளங்காதது ஒண்டுதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கடைசி நாள் ஏன் சூட்டைக் கூட்டினியள்? நான் நினைச்சன், என்னைக் கெதியா, நேரத்தோட அனுப்பப் பாக்கிறியள் எண்டு."

"ஐயோ, இல்லைங்க! அன்னிக்காவது உங்களுக்கு ஒழுங்கா நடக்கணும்னுதான்..."

"ஓம். இப்ப விளங்குது."

இந்த இடத்தில் ஒரு சொல் போதும். யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். நம்முடைய ஆள், "உங்க ஸ்வெட்டர் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார்.

"ஓம், இஞ்ச சரியான குளிர்."

"பார்சல்ல அனுப்பட்டுமா?"

"பார்சலிலயோ?" என்றாள். பிறகு, "சரி, அனுப்புங்கோ" என்று போனை வைத்தாள்.

மறுநாள் எட்மண்டன் தபால் நிலையத்தில் கமலநாதன் வரிசையில் நின்றார். ஸ்வெட்டரைப் பழுப்புத் தாளில் அழகாகச் சுற்றி, நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார். பார்சலிலயோ என்று அவள் கேட்ட விதம் காதில் இருந்து போகவில்லை. வரிசை நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பார்சலைத் தராசில் வைத்தாள்.

"கனடாவா? விமானத்திலா, கப்பலிலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "கப்பல் மலிவு. ஆனால் மெதுவாகப் போகும். இரண்டு மாதம்கூட ஆகலாம்."

மெதுவாக என்ற சொல்லைக் கேட்டதும் கமலநாதனுக்குத் தன் வாழ்க்கை முழுவதையும் நினைத்து ஒரே நேரத்தில் வெட்கமாக இருந்தது. தைப்பிங், நாகேஸ்வரி அக்கா, போன தீபாவளிகள், பதினெட்டு டிகிரி, படியேறி ஓடாத அந்த மாலை. பின்னால் நின்ற கிழவர் தொண்டையைக் கனைத்தார்.

"சார்? விமானமா, கப்பலா?"

"இல்லை" என்றார். குரல் தேவைக்கு மேல் பலமாக வந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதை நான் அனுப்பவில்லை. நானே கொண்டுபோகிறேன். அவளிடம் கொடுக்க வேண்டும். அவளை எனக்குப் பிடிக்கும்."

சிவமலரிடம் சொல்ல வேண்டியதை இருபத்தேழு வருஷம் பழகிய ஊரின் தபால் நிலையத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியாயிற்று. அந்தப் பெண் பார்சலைத் தராசிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினாள்.

"டொராண்டோவுக்கா? இந்த ஜனவரியிலா? அங்கே குளிர் தாங்காது, சார்."

"தெரியும்" என்று கமலநாதன் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான்கு பனியன் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.